பூஜையில் வைத்த துப்பாக்கி

1

எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் ஒரு துப்பாக்கி இருந்தது. போன வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் வந்தது, பூஜை முடிந்த கையோடு போய்விட்டது. இந்த வருடப் பூஜை நெருங்குகிறதே என்று போன மாதம் சந்தனக் கட்டையை எடுத்து உரசிப் பார்த்தேன், கை ஓடவில்லை. இங்கே இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒன்று பயப்படுவார்கள், இல்லாவிட்டால் எந்த மாடல் என்று கேட்பார்கள். ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. பிறந்தது திருச்சி அரியமங்கலம், லேத் பட்டறைக்காரர் மகள். வாக்கப்பட்டது ஸ்ரீரங்கம். குப்பை கொட்டுவது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில். ஒரே பையன், நவீன். பிறந்தது ஸ்ரீரங்கத்தில்தான், ஆனால் பால்குடி மறந்த கையோடு விமானம் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம்.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்த குணம். காந்தி மார்க்கெட்டில் தராசு முள்ளைப் பார்க்காமல் நான் வெங்காயம் வாங்கியதே கிடையாது. இங்கேயும் பெட்ரோல் பங்க் மெஷின் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்ப்பேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர், நேர் எதிர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளிடம் பையைக் கொடுத்து, "பாத்துக்குங்க சார், ஒரு டீ குடிச்சிட்டு வந்திடறேன்" என்று போகிறவர். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அந்த மனுஷன்தான் துப்பாக்கி வாங்கினார். ஊர் விட்டு ஊர் வந்தால் மனுஷனுக்கு என்னவெல்லாம் ஆகிறது பாருங்கள்!

2

ஒரு காரில் ஆரம்பித்தது. சாம்பல் நிறக் கார், கறுப்புக் கண்ணாடி. நான் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும். எதிர்சாரியில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரிய மரத்தடியில் நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள், யாரும் ஏற மாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். தினமும் வராது. வராத நாளில்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் என் மாமியார் வீட்டுத் தெருவில் புது ஆள் ஒருவர் சேர்ந்தாற்போல் இரண்டு நிமிஷம் நிற்க முடியாது. "யாரு வேணும்? எந்த வீடு?" என்று நாலு வாசலிலிருந்து குரல் வரும். அவர் பதில் சொல்வதற்குள், "வெயில்ல நிக்காதீங்க, இப்படி நிழலுக்கு வாங்க" என்று ஐந்தாவது வாசலிலிருந்து ஒரு குரல் வரும். அந்த விசாரிப்பு அப்போது எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. புதுப்பெண்ணாகப் போன என்னைக் காய்கறிக் கடையிலேயே வம்சம் கேட்டார்கள்.

இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்ப்பார்கள். அப்புறம் தெருவுக்கென்று இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவார்கள். எதிர்வீட்டுக் கேரி, ரிட்டயர் ஆனவர், தோட்டத்தில் வெண்டைக்காய் காய்த்தால் எங்களுக்குக் கொடுத்தனுப்புகிற நல்ல மனிதர், அவர்தான் முதலில் எழுதினார். "சாம்பல் நிறக் கார். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், உள்ளே ஓர் இளைஞன். கறுத்த தோல், தாடி, தொப்பி. எல்லோரும் ஜாக்கிரதை."

இவர் அதற்குக் கட்டை விரல் போட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தெருவில் கறுத்த தோல் என்று யாராவது எழுதினால், எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். சொன்னேன். "ஆரம்பிச்சிட்டியா? கேரி நம்மளச் சொல்லல. அந்தக் கார்க்காரனைச் சொல்றாரு" என்றார்.

அந்த வாரம் என் தம்பி குமார் போன் செய்தான். பட்டறையை இப்போது அவன்தான் பார்க்கிறான். கார் விஷயத்தை இவர் அவனிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னார்.

"யாருன்னு போயிக் கேட்டீங்களா மாமா?"

"இங்க அப்படியெல்லாம் போயிக் கேக்க முடியாது குமாரு. அவன் கையில என்ன வெச்சிருக்கானோ."

"சரி, அதுக்கு?"

"நம்ம கையிலயும் ஒண்ணு இருக்கணும்ல?"

"மாமா, நீங்க ஸ்ரீரங்கத்துல பல்லிய அடிக்கறதுக்கே உங்கம்மாவைக் கூப்பிட்டவருதானே?" என்றான் குமார். நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மனுஷன் முடிவு பண்ணிவிட்டார் என்று.

3

உப்பிலியபுரத்தில் என் பெரியப்பா, காட்டுப்பன்றி வயலை அழிக்கிறது என்று ஒரு துப்பாக்கி லைசன்ஸ் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். பன்றிகள் பேரன் பேத்தி எடுத்தன. லைசன்ஸ் வரவில்லை. இங்கே ஒரு சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். சாயங்காலம் டீ போடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு படிவம், ஒரு கையெழுத்து, கடைக்காரர் செய்த ஒரு போன். ஸ்ரீரங்கத்தில் ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க இதைவிட அதிகம் கேள்வி கேட்டார்கள்.

கடை, நம் நகைக்கடை போல இருந்தது. கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, கீழே பச்சை வெல்வெட். கடைக்காரர் பனங்கிழங்கு நிறத்தில், நீளமான மீசை வைத்த மனிதர். இவர், உடம்பில் மறைத்து வைத்துக்கொள்கிற மாதிரி சின்னதாக வேண்டும் என்றார். அவர் இரண்டை எடுத்து வெல்வெட்டின் மேல் வைத்தார். உயரமும் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று முழுக்க இரும்பு. இன்னொன்றில் மேல்பாகமும் குழலும்தான் இரும்பு, பிடியும் உடம்பும் கெட்டி பிளாஸ்டிக். பாலிமர் என்கிறார்கள்.

லேத் பட்டறையில் வளர்ந்தவளுக்கு இரும்பு ஒன்றும் புதிதில்லை. முதலில் இரும்பைத்தான் கையில் எடுத்தேன். மணப்பாறை முறுக்குப் பிழிய எங்கள் வீட்டில் ஒரு பித்தளை அச்சு உண்டு. கிட்டத்தட்ட அந்தக் கனம். கை இறங்கியது. ஜில்லென்று இருந்தது. அப்புறம் பாலிமரை எடுத்தேன். டிவி ரிமோட்டைக் கொஞ்சம் பெரிதாகச் செய்த மாதிரி இருந்தது. ஐயோ, இதுவா ஆளைக் கொல்லும் என்று தோன்றியது.

கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். லேசானதை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரியலாம், இடுப்பு வலிக்காது, பெல்ட் கீழே இழுக்காது, வியர்வை பட்டாலும் உடம்பு துருப்பிடிக்காது. ஆனால் சுடும்போது கையில் நன்றாக உதைக்கும், குறி தூக்கிக்கொண்டு போகும். இரும்பு, தன் கனத்தாலேயே அந்த உதையை வாங்கிக்கொள்ளும், கை ஆடாது, அடுத்த குண்டு சொன்ன இடத்துக்குப் போகும். ஆனால் சுமக்கணும். இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு அடிக்கடி எண்ணெய் போட்டுத் துடைக்கணும். "சுமப்பதற்கு அது, சுடுவதற்கு இது" என்று முடித்தார். பிறகு பாலிமரைத் தொட்டு, "இது உங்கள் உடம்பில் இருப்பதே உங்களுக்கு மறந்துபோகும் சார்" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. விற்கிறவன் எதைப் பெருமையாகச் சொல்கிறானோ அதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். துப்பாக்கி வைத்திருப்பதே மறந்துபோனால் அது நல்லதா?

"ஏங்க, இரும்பையே வாங்குங்க" என்றேன் தமிழில்.

"நீ ஏன் இரும்புக்கு வக்காலத்து வாங்கறே? உங்கப்பா பட்டறைச் சரக்கா?"

"கனமா இருந்தா ரெண்டு நாள்ல தோள்பட்டை வலின்னு கழட்டி வெச்சிடுவீங்க. அதுக்குத்தான்."

இவருக்கு முகம் சுண்டிவிட்டது. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். "அழகாக இருக்கிறது என்கிறார்" என்றார் இவர். பாலிமரையே வாங்கினார்.

இடுப்பில் வைக்கிற உறை இவருக்குச் சரிப்படவில்லை. தொப்பை இடித்தது. அதனால் தோளில் மாட்டுகிற வார் ஒன்று கொடுத்தார்கள். துப்பாக்கி இடது கக்கத்துக்குக் கீழே, நெஞ்சை ஒட்டித் தொங்கும். மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. மேல் இரண்டு பொத்தானைப் போடாமல் விட்டால் வலது கையை உள்ளே விட்டு எடுக்கலாம். கண்ணாடி முன்னால் நின்று விட்டு விட்டுப் பார்த்தார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் என் மாமனார் உள்பாக்கெட்டுப் பர்ஸை இப்படித்தான் சட்டைக்குள் கைவிட்டுப் பிடித்துக்கொண்டே சொர்க்கவாசல் வரைக்கும் போவார். அதைச் சொன்னதும் அன்றைக்கு இவர் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

4

துப்பாக்கி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று இவர் நினைத்தார். எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. முன்னால் அந்தக் காரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது இவரையும் பார்க்க வேண்டியிருந்தது. கொரியர்காரர் மணியடித்தால் இவர் கை சட்டைக்குள் போகும். பால் வாங்கப் போனால் அடுத்த ஆள் என்ன எடுக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போன மனுஷனை நான் தேட ஆரம்பித்தேன்.

சுடுகிற மைதானத்துக்கு ஒருநாள் போனார். திரும்பி வந்தபோது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சிவந்து கன்றிப்போயிருந்தது. "நல்லா உதைக்குது" என்றார். குறி எப்படி என்று கேட்டேன். கையை நீட்டினார். விளக்கெண்ணெய் தடவிவிட்டேன்.

இந்த நடுவில் நவீன். அவன் இங்கிருந்து நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிற யூனிவர்சிடியில் படித்துக்கொண்டிருந்தான். முதல் வருடம் தினமும் போன், வீடியோவில் முகம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் வீடியோ கிடையாது. "கேமரா சரியில்லம்மா" என்பான். என்ன சாப்பிட்டே என்றால், "ஏதோ சாப்பிட்டேன்மா, ஐம் ஃபைன்" என்பான். வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசுகிறேன் என்று அவன் சொன்ன ஒருநாள், பின்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கார் திரும்பும்போது போடுகிற சிக்னல் விளக்கின் சத்தம். வகுப்பு வாசலில் ஏது கார்?

எவளோ ஒருத்தி இருக்கிறாள், அவள் காரில் சுற்றுகிறான் என்று முடிவு கட்டினேன். நான் சந்தேகப்படுகிறவள்தான். ஆனால் சந்தேகப்பட வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"என்னடா, பூஜைக்கு வருவியா?" என்று கேட்டேன்.

"பாக்கறேம்மா. பரீட்சை இருக்கு."

"உன் புஸ்தகம் ஒண்ணையாவது அனுப்பி வெய்யி. சரஸ்வதிகிட்ட வெக்கணும்."

"பழைய புக் ஏதாவது என் ரூம்ல இருக்கும்மா. அதை வெச்சிடு." குரல் ஒரு மாதிரி இருந்தது. ஜலதோஷமா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.

5

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் கார் மறுபடி வந்தது. நான் விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினால், இவர் வாசலில் இல்லை. புல்தரை தாண்டி, தபால் பெட்டி பக்கத்தில் போய் நின்றிருந்தார். சட்டைக்குள் வலது கை. அப்படியே அசையாமல் அந்தக் காரைப் பார்த்தபடி நின்றார்.

கூப்பிட்டால் என்ன ஆகுமோ, கூப்பிடாவிட்டால் என்ன ஆகுமோ தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து குமார் போன் அடித்தான். கடவுளே என்று வாசலுக்கு ஓடி, "ஏங்க, குமார் லைன்ல இருக்கான். உங்ககிட்டதான் பேசணுமாம், உடனே வாங்க!" என்று கத்தினேன். அவன் அப்படியொன்றும் கேட்கவில்லை.

இவர் மெதுவாகத் திரும்பி வந்தார். கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. இவர் முகமெல்லாம் வியர்வை.

"கதவு தொறந்துச்சுடி" என்றார். "அவன் எறங்கப் பாத்தான். நான் ரெடியா இருந்தேன்."

"எதுக்கு ரெடியா இருந்தீங்க?"

இவர் போனை வாங்கிக் குமாரிடம் மழை பெய்ததா என்று விசாரித்தார்.

பூஜை நாள் வந்தது. காலையிலேயே குமார் வீடியோவில் பட்டறையைக் காட்டினான். லேத் மெஷினுக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம், குங்குமம், கேட்டில் வாழைக்கன்று, உடைக்கத் தயாராகப் பூசணிக்காய். பொரி மூட்டை பிரித்துவைத்திருந்தது. இங்கே நானும் கூடத்தில் பலகை போட்டு எல்லாவற்றையும் பரப்பினேன். அரிவாள்மனை, கத்தரிக்கோல், முறுக்கு அச்சு, இவருடைய லேப்டாப், ஸ்க்ரூ டிரைவர் பெட்டி, நவீனின் பழைய கணக்குப் புத்தகம். வெளியே காருக்குப் பொட்டு வைத்துச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம்.

இவர் தோளிலிருந்து அதைக் கழற்றினார். குண்டுகளை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, துப்பாக்கியை மட்டும் கொண்டுவந்து அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அதை எதுக்குங்க இங்க வெக்கிறீங்க?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதம் வெக்காம, முறுக்கு அச்சா வெப்பாங்க?"

சரி, வைத்தது வைத்தாயிற்று. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். "ஏய், மேல வெக்காத. உள்ள எறங்கிட்டா முன்னும் பின்னும் ஓடற ஸ்லைடு மாட்டிக்கும்" என்று பதறினார். நான் விடுவேனா? பிடியில் ஒரு பொட்டு, மேல் இரும்பில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். பொட்டு வைத்ததும் அது பார்க்க அவ்வளவு பொல்லாததாகத் தெரியவில்லை. எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கற்பூரம் காட்டினோம். அதற்கப்புறம் மறுநாள் மறுபூஜை செய்து எடுக்கிற வரைக்கும், பலகையில் வைத்ததை யாரும் தொடக் கூடாது. சின்ன வயதில் இதனால்தான் எனக்கு இந்தப் பண்டிகை பிடிக்கும், புத்தகம் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பட்டறையில் அன்றைக்கு மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள். மந்திரியே வாசலில் வந்து ஒரு போல்ட் கடைந்து கொடு என்று நின்றாலும் மெஷின் ஓடாது. அரிவாள்மனையும் பூஜையில் இருப்பதால் இந்த ஊரிலும் நான் முதல் நாளே காய் நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன்.

6

சாயங்காலம் விளக்கு ஏற்றினேன். திரும்பி ஜன்னலைப் பார்த்தால் மரத்தடியில் சாம்பல் நிறக் கார்.

இவரும் பார்த்துவிட்டார். கை தானாகச் சட்டைக்குள் போனது. அங்கே ஒன்றும் இல்லை. விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தார். நான் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"தள்ளு செல்வி."

"மறுபூஜை ஆகலங்க."

"வெளையாடற நேரமா இது? அவன் வந்து நிக்கிறான்."

"நிக்கட்டும். பூஜையில வெச்சதைத் தொடக் கூடாது. நாளைக்குக் காலையில எடுத்துக்குங்க."

"கொள்ளைக்காரன் வந்தா அவனையும் நாளைக்கு வரச் சொல்லவா?"

"சொல்லுங்க. பொரிகடலையும் குடுத்து அனுப்புங்க."

இவர் என்னைத் தள்ளியிருக்கலாம். நான் அப்படியொன்றும் பலசாலி இல்லை. பலகையைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குங்குமம் வைத்த அந்தத் துப்பாக்கிக்கு மேல் ஒரு சாமந்திப் பூ விழுந்து கிடந்தது. ஸ்ரீரங்கத்தில் பிறந்த உடம்பு, கை நீளவில்லை. இரண்டு தடவை நீட்டப் பார்த்து மடக்கிக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பயம்தான், ஏன் பொய் சொல்லணும்? நிஜமாகவே கொள்ளைக்காரனாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. ஆனால் இரண்டு நாள் முன்னால் தபால் பெட்டி பக்கத்தில் நின்ற மனுஷனை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"சரி. வெறுங்கையோட போறேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு" என்று கதவைத் திறந்தார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். கையில் என்ன எடுத்தேன் என்று நினைவில்லை, பாதித் தெருவில்தான் பார்த்தேன். பிரசாதத் தட்டு. பொரி, கடலை, சுண்டல். எதிர்வீட்டு ஜன்னலில் கேரி திரையை விலக்கிப் பார்ப்பது தெரிந்தது. அவர் வீட்டிலும் துப்பாக்கி உண்டு. ஒன்றல்ல. அவரைப் பார்த்துத் தட்டைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கை ஆட்டினார்.

இவர் காருக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடியைத் தட்டி, ஆங்கிலமெல்லாம் மறந்துபோய், "யாருப்பா? யாரு வேணும்?" என்று கேட்டார்.

கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தாடி. தொப்பி. அதற்குள்ளே என் பையன்.

"அப்பா" என்றான்.

7

அவன் படிப்பை விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. பாடம் ஓடவில்லை, இரண்டு பேப்பர் போயிற்று, எங்களிடம் சொல்லப் பயம். எங்கள் ஊரிலேயே ஒரு சிநேகிதன் ரூமில் தங்கி, அவன் காரை வாங்கிக்கொண்டு வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தான். இந்தப் பக்கம் ஆர்டர் வரும் நாளில் எங்கள் தெருவில் வந்து நிற்பானாம். ஏன்டா உள்ளே வரவில்லை என்று கேட்டேன். "நீ வெளக்கு ஏத்தறது ஜன்னல்ல தெரியும்மா. அதைப் பாத்துட்டுப் போயிடுவேன். இன்னிக்குச் சொல்லிடலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன்" என்றான். நான் அவனை அடித்தேன். அப்புறம் சோறு போட்டேன்.

இளைத்துப்போயிருந்தான். சுண்டலை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இவர் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் திட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நவீனுக்குப் பொறுக்கவில்லை போல. தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "உங்களுக்கு இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டான்.

"எனக்கென்ன?"

"முந்தாநாள் தபால் பெட்டிகிட்ட வந்து நின்னீங்களே. சட்டைக்குள்ள கையை விட்டு நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு. மூஞ்சியெல்லாம் வேர்த்திருந்துச்சு. நெஞ்சு வலின்னு நெனச்சேம்பா. இன்னும் என்ன வெக்கம்னு ஓடி வரலாம்னுதான் கதவைத் தொறந்தேன். அதுக்குள்ள அம்மா கூப்பிட்டாங்க, நீங்க நல்லா நடந்து உள்ள போயிட்டீங்க."

என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். பலகை அவனுக்கு முதுகுப் பக்கம், அவன் உள்ளே வரும்போதே நான் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போட்டிருந்தேன்.

"ஆமாண்டா" என்றார் இவர். "நெஞ்சு வலிதான்."

எழுந்து கை கழுவுகிற இடத்துக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்றுதான் திறந்திருக்கிறார். எனக்கா தெரியாது?

விஜயதசமி காலையில் அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபூஜை முடித்தோம். நான் அரிவாள்மனையை எடுத்துக் காய் நறுக்கினேன். இவர் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன சிவப்பு என்று கேட்டாராம். மேல் இரும்பிலிருந்த குங்குமம் துடைத்ததும் போய்விட்டது. பிளாஸ்டிக் பிடியில் வழுக்காமலிருக்கச் சொரசொரவென்று செதுக்கியிருக்கிறார்களே, அதற்குள் இறங்கினது பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இரும்பே தேவலை என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

நவீன் இப்போது எங்களோடுதான் இருக்கிறான். பக்கத்து ஊர்க் கல்லூரியில் மெஷினிஸ்ட் வேலை படிக்கிறான். லேத்தில் நிற்கிற போட்டோவைக் குமாருக்கு அனுப்பினால், "அக்கா, ரத்தம் பேசுது" என்கிறான். அப்பாவின் நெஞ்சுவலியை மட்டும் பையன் மறக்கவில்லை. டாக்டரைப் பாருங்கள் என்று பிடுங்கி எடுத்தான். இவரும் டாக்டரிடம் போய், ஓடுகிற மெஷினில் ஓடி, ஊசி போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டரும் வருடா வருடம் வரச் சொல்லியிருக்கிறார். உப்பைக் குறைத்துவிட்டான். தினமும் சாயங்காலம் அப்பாவைத் தெருவில் நடக்க அழைத்துப் போகிறான். தபால் பெட்டியைத் தாண்டும்போது இவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். புல்லைத்தான் பார்ப்பார்.

அவனிடம் நாங்கள் சொல்லவில்லை. இதையும் தைரியமாக எழுதுகிறேன் என்றால், அவனுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், படிக்க வராது. எத்தனை வருடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்! சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகாமல் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வான். இந்த ஒரு விஷயத்தில் அது நல்லதாய்ப் போயிற்று என்று இருந்தேன்.

போன வாரம் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, இந்த விஜயதசமிக்கு எனக்குத் தமிழ் எழுத்து ஆரம்பிச்சு வெய்யி. தட்டுல அரிசி போட்டு எழுதுவாங்களே, அது மாதிரி. படிக்கக் கத்துக்கணும்."

"திடீர்னு எதுக்குடா?"

"நீ என்னமோ எழுதிக்கிட்டே இருக்கே. படிச்சுப் பாக்கலாம்னுதான்" என்றான். சிரித்தான்.

எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இவரிடம் சொன்னேன், அவன் இந்தப் பக்கம் வரைக்கும் படித்து வருவதற்குள் நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள் என்று. இவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "மொதல்ல அ, ஆ முடிக்கட்டும் செல்வி" என்கிறார்.